விருந்தாளி வந்தால் பஸ்

வீட்டுக்கு விருந்தாளி வருகிறார் என்று தெரிந்தால் மற்ற வீடுகளில் பால் வாங்க ஆள் ஓடுவார்கள். எங்கள் வீட்டில் முதலில் அண்ணாவுக்குச் சட்டை மாற்றுவார்கள். நீலத்தில் வெள்ளைக் கட்டம் போட்ட சட்டை. அது பஸ் சட்டை. அதை எடுத்தவுடனேயே அவனுக்கு விஷயம் புரிந்துவிடும். "யார் வரா? யார் வரா?" என்று கூடத்துக்கும் சமையலறைக்கும் நடப்பான். யார் வந்தாலும் அவனுக்கு ஒன்றுதான். யாராவது வந்தால் சரி.

அப்பா அவனை மயிலாப்பூர் கோயில் குளத்தங்கரைக்கு அழைத்துப் போவார். அங்கே தி. நகர் போகும் பஸ்ஸில் ஏறுவார்கள். இடது பக்கம், பின்சக்கரத்துக்கு மேலே இருக்கும் ஜன்னலோர இருக்கை. அது காலியாக இல்லாவிட்டால் அடுத்த பஸ். தி. நகர் நிலையத்தில் ஓட்டுநர் டீ குடித்துவிட்டு வரும்வரை உள்ளேயே உட்கார்ந்திருந்து, அதே பஸ்ஸில் மயிலாப்பூர் திரும்புவார்கள். எங்கள் சந்து முனையில் நின்று அப்பா அண்ணாந்து பார்ப்பார். மாடி ஜன்னல் கம்பியில் சிவப்புக் கரைத் துண்டு தொங்கினால் வந்தவர்கள் கிளம்பிவிட்டார்கள் என்று அர்த்தம். துண்டு இல்லையென்றால் இன்னொரு நடை. இந்த ஏற்பாட்டை யார் ஆரம்பித்தார்கள் என்று எனக்குத் தெரியாது. எனக்கு விவரம் தெரிந்த நாளிலிருந்து துண்டு போடுவது அம்மாவின் வேலை, பஸ் ஏறுவது அப்பாவின் வேலை, வந்தவர்களுக்கு காபி கொடுத்துச் சிரிப்பது என் வேலை.

அண்ணா எனக்கு மூத்தவன். உயரமானவன், அழகன். அம்மாவின் மூக்கும் அப்பாவின் நெற்றியும் அவனுக்குத்தான் வாய்த்தன. கேட்ட கேள்வியையே திருப்பிக் கேட்பான். முகத்தைப் பார்க்க மாட்டான். யாராவது தொட்டால் பிடிக்காது. மத்தியானம் மாடி அறையில் ஒரு சொம்பு நிறையத் தண்ணீர் பிடித்து, வெயில் விழும் இடத்தில் வைப்பான். தண்ணீர் அசைய அசைய மேலே உத்தரத்தில் வெளிச்சம் ஆடும். மல்லாக்கப் படுத்து அதையே பார்த்துக்கொண்டிருப்பான். சின்ன வயதில் நானும் பக்கத்தில் கொஞ்சம் தள்ளிப் படுத்துக்கொள்வேன். அவன் என்னைத் துரத்தவில்லை என்பதே எனக்குப் பெரிய பெருமை. கீழே தெருவில் யாரோ எதையோ கூவி விற்றுக்கொண்டு போவார்கள். கடல் காற்று வந்து ஜன்னல் கதவை ஒரு தட்டுத் தட்டும். வெளிச்சம் உத்தரத்தில் ஓடி, சுவரில் இறங்கி, மறுபடி ஏறும். அந்த மத்தியானங்களில் நான் தூங்கினேனா விழித்திருந்தேனா என்று இன்றைக்கும் எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

ஊர் அவனுக்கு வைத்த பெயர்கள் பல. மந்தம் என்றார்கள், கிரகம் என்றார்கள், குலதெய்வத்துக்கு ஏதோ பாக்கி என்றார்கள். நான் பிறப்பதற்கு முன்பே ஒரு டாக்டர் அம்மாவிடம், தாய் பாசம் காட்டாததால் குழந்தை தனக்குள்ளே போய்விட்டது என்று சொல்லியிருக்கிறார். அம்மா இதை என்னிடம் ஒரே ஒரு தடவை சொன்னாள், கீரை ஆய்ந்துகொண்டே, தலை நிமிராமல். அந்த டாக்டரை நான் பார்த்ததில்லை. பார்த்திருந்தால் நறுக்கென்று நாலு வார்த்தை கேட்டிருப்பேன். தொட்டாலே உடம்பை வில்லாக வளைத்துக்கொண்டு அழும் குழந்தையை ஏன் அணைக்கவில்லை என்று ஒருத்தியைக் குற்றம் சொல்ல எவ்வளவு படித்திருக்க வேண்டும்!

அம்மா அந்தக் குற்றத்தை மனசுக்குள் வைத்துக்கொண்டு, வெளியே அப்பாவோடு சண்டை போட்டாள். இது யார் வழியில் வந்தது என்பதுதான் சண்டை. "எங்காத்துல இப்படி யாரும் கெடையாது. எல்லாம் உங்காத்து வழிதான்" என்று அம்மா ஆரம்பிப்பாள். "உங்காத்து ஜனங்களைப் பத்தி நேக்குத் தெரியாதா?" என்று அப்பா முடிப்பார். இதில் வேடிக்கை என்னவென்றால் அப்பா அம்மாவுக்கு அத்தை பிள்ளை. அம்மா 'உங்காத்து வழி' என்று வாரியது அவளுடைய சொந்த அத்தையை. அப்பா 'உங்காத்து ஜனங்கள்' என்று இழுத்தது அவருடைய சொந்த மாமாவை. ஒரே வீட்டின் இரண்டு ஜன்னலில் நின்றுகொண்டு, நீ எதிர்வீடு, நீ எதிர்வீடு என்று வருஷக் கணக்கில் கத்திக்கொண்டிருந்தார்கள்.

என்னைப் பெண் பார்க்க வந்தபோதும் அண்ணா பஸ்ஸில்தான் இருந்தான். 'பிள்ளைக்குக் கொஞ்சம் உடம்பு சரியில்லை, உறவுக்காராத்துல இருக்கான்' என்று அம்மா சொன்னாள். நான் மாம்பழக் கலர் புடவையில் தலை குனிந்து உட்கார்ந்திருந்தேன். வெட்கம் என்று அவர்கள் நினைத்தார்கள். கோபம். நிச்சயமான பிறகு நானே மாப்பிள்ளையிடம் போய்ச் சொன்னேன், அண்ணா யார், எப்படி, இப்போது எங்கே என்று எல்லாவற்றையும். அவர் கடைசி வரை கேட்டுக்கொண்டார். பிறகு, "பஸ்ல ஜன்னல் சீட்டுதான் வேணும்பாரா? எனக்கும் அப்படித்தான்" என்றார். இந்த மனிதனைக் கட்டிக்கொள்ளலாம் என்று அப்போதுதான் முடிவு செய்தேன்.

கல்யாணமாகி தி. நகரில் மாமியார் வீட்டு ஃப்ளாட்டில் இருந்தேன். அடையாறில் ஒரு பள்ளிக்கூடத்தில் டீச்சர் வேலை. தொண்ணூறுகளின் நடுவில் ஒரு நாள் எங்கள் பள்ளிக்குப் பேச ஒரு டாக்டர் அம்மா வந்தார். ஒல்லியாக, வெள்ளை முடியைக் கத்தரித்து விட்டிருந்தார். ஆட்டிசம் என்று ஒன்று இருக்கிறது, பல பிள்ளைகளுக்கு அதை வேறு பெயர் சொல்லி ஒதுக்கிவிடுகிறோம் என்று அவர் பேசப் பேச, எனக்குக் காதில் ஒரு ரீங்காரம் கேட்டது. முகம் பார்க்காது. கேட்டதையே திருப்பிச் சொல்லும். ஒரே இடம், ஒரே வழி, ஒரே சட்டை. ஆடும் வெளிச்சத்தையும் சுற்றும் ஃபேனையும் பார்த்துக்கொண்டிருக்கும். எங்கள் மாடி அறைக்குள் இவர் எப்போது வந்து எட்டிப் பார்த்தார் என்று தோன்றியது. அண்ணா மாதிரி வேறு யாரும் உலகத்தில் இல்லை என்று நினைத்திருந்த எனக்கு அது சந்தோஷமாகவும் இருந்தது, கொஞ்சம் பொறாமையாகவும் இருந்தது.

கூட்டம் கலைந்ததும் அவரிடம் போய்ப் பேசினேன். அவர் குடும்பம் குடும்பமாகப் போய்ப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு பிள்ளைக்கு ஆட்டிசம் இருந்தால் அப்பா, அம்மா, கூடப் பிறந்தவர்கள் எல்லோரிடமும் நிறையப் பேசுவது, பிறகு எல்லோருடைய ரத்தத்தையும் எடுத்துப் பார்ப்பது.

"இது வளர்ப்பால வர்றது இல்லம்மா. பிறக்கும்போதே கூட வர்றது. குடும்பத்து வழியா வருதுங்கறது மட்டும் தெரியுது. எது எப்படிக் கடந்து வருதுன்னுதான் உலகம் பூரா தேடிக்கிட்டு இருக்காங்க. நாங்களும் ஒரு மூலைல தேடறோம்" என்றார்.

குடும்பத்து வழியாக. எனக்கு அப்போது நாள் தள்ளிப்போயிருந்தது. என் கணவரைத் தவிர யாருக்கும் சொல்லவில்லை. அண்ணாவின் ரத்தத்தில் ஏதோ எழுதியிருந்தால் என் ரத்தத்திலும் அதில் பாதியாவது இருக்கும் அல்லவா? எங்கள் வீட்டுக்கு வாருங்கள் என்று டாக்டரைக் கூப்பிட்டது அண்ணாவுக்காக என்று எல்லோரும் நினைத்தார்கள். எனக்காகத்தான் கூப்பிட்டேன்.

டாக்டர் வரும் ஞாயிற்றுக்கிழமை நான் முன்கூட்டியே மயிலாப்பூருக்குப் போனேன். சந்து முனையிலேயே நெய் வாசனை வந்தது. உள்ளே போனால் அம்மா கேசரி கிளறி இறக்கியிருக்கிறாள், வாழைக்காய் சீவி பஜ்ஜி மாவு கரைத்து வைத்திருக்கிறாள், கூடத்தில் ஜமக்காளம் விரித்திருக்கிறாள். வெள்ளி டம்ளர் வெளியே வந்திருந்தது.

"என்னம்மா இது, யாரைப் பெண் பார்க்க வரா?"

"சும்மா இருடி. டாக்டர் நம்ம குடும்பத்தைப் பார்க்கத்தானே வரா? நல்ல குடும்பம்னு தெரிய வேண்டாமா? தலையை வாரிண்டு வா. காபி குடிக்கறியா?"

"வேண்டாம்."

எனக்குச் சிரிப்பாகவும் இருந்தது, ஆயாசமாகவும் இருந்தது. தலையை வாரிக்கொண்டு வருவதற்குள் டாக்டர் வந்துவிட்டார். ஜமக்காளத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, தண்ணீர் வாங்கிக் குடித்து, சுற்றிலும் பார்த்து, "உங்க பையன் எங்கேம்மா?" என்று கேட்டார்.

அம்மா என்னைப் பார்த்தாள். நான் கொடியைப் பார்த்தேன். நீலச் சட்டை இல்லை. வாசலில் அப்பாவின் செருப்பு இல்லை. மாடி ஜன்னலில் துண்டும் இல்லை. விருந்தாளி வருகிறார் என்றதும் அப்பா வழக்கப்படி அண்ணாவுக்குச் சட்டை மாட்டி பஸ்ஸுக்குக் கூட்டிக்கொண்டு போய்விட்டார். அம்மாவும் வழக்கப்படி துண்டை எடுத்து உள்ளே மடித்து வைத்துவிட்டாள். யாரைப் பார்க்க டாக்டர் வருகிறாரோ அவனையே ஒளித்து வைத்துவிட்டு, பஜ்ஜிக்கு எண்ணெய் காய வைத்திருந்தார்கள்.

"பழக்கதோஷம்" என்றாள் அம்மா. அந்த ஒரு சொல்லை அவள் சொன்ன குரலை நான் மறக்கவில்லை. ஏதோ வெளிச்சம் பட்டுக் கண் கூசியது போல நின்றாள்.

டாக்டர் சிரிக்கவும் இல்லை, கடிந்துகொள்ளவும் இல்லை. "வரட்டும், அதுவரைக்கும் நாம பேசலாம்" என்று ஆரம்பித்தார். குடும்பத்தில் யாராவது ரொம்ப ஒதுங்கி இருப்பார்களா, ஒரே விஷயத்தில் மூழ்கிப் போவார்களா, சத்தம் பிடிக்காதவர்கள் உண்டா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். அம்மா சம்பந்தி வீட்டாருக்குச் சொல்வது போலவே சொன்னாள். எங்காத்துல அப்படி யாருமே இல்லை. எல்லாரும் தங்கம். என் அண்ணா ஒருத்தர் இருக்கார், எந்த வருஷம் எந்தத் தேதியைச் சொன்னாலும் என்ன கிழமைன்னு உடனே சொல்வார், பஞ்சாங்கமே வேண்டாம், ஆனா கூட்டம்னா கிட்டக்க வர மாட்டார். இவர் இருக்காரே, ஒழுங்குன்னா ஒழுங்கு, செருப்பைக்கூட கோடு போட்ட மாதிரி விடுவார், துண்டு மடிச்சா நூல் பிடிச்ச மாதிரி இருக்கும். எங்க அத்தை, இவர் அம்மாதான், ஒரு ராகத்தை எடுத்தா நாள் பூரா அதையேதான் முணுமுணுப்பா, கூப்பிட்டாலும் காதுல விழாது. நானா? நேக்கு ஒண்ணும் இல்லை. குக்கர் விசில் மட்டும் கேக்க முடியாது, அந்த நேரத்துக்கு வாசலுக்குப் போயிடுவேன்.

டாக்டர் தலையாட்டி எழுதிக்கொண்டே இருந்தார். என்னைப் பெண் பார்க்க வந்தவர்களிடம் குடும்பப் பெருமை என்று அம்மா அடுக்கியதும் இதே விஷயங்கள்தான். கேட்கக் கேட்க எனக்கு உடம்பு லேசாகி மிதப்பது போல இருந்தது. நாங்கள் எல்லோரும் கொஞ்சம் கொஞ்சம் வாங்கியிருந்தோம். அண்ணாவுக்கு மொத்தமாகக் கிடைத்திருந்தது. அவ்வளவுதான் வித்தியாசம்.

அம்மா பேச்சை நிறுத்தினாள். பிறகு, வேறு யாரையோ பற்றிக் கேட்பது போலக் கேட்டாள். "அப்போ, நான் சரியா தூக்கி வெச்சுக்காததால இல்லையா?"

"இல்லம்மா. இல்லவே இல்ல. அப்படிச் சொன்னவங்களுக்குத் தெரியல. நீங்க எப்படித் தூக்கியிருந்தாலும் உங்க பையன் இப்படித்தான் இருந்திருப்பான்."

அம்மா எழுந்து சமையலறைக்குப் போனாள். பாத்திரம் நகரும் சத்தம் மட்டும் கேட்டது. திரும்பி வந்தபோது கண் சிவந்திருந்தது. டாக்டரின் தட்டில் இன்னொரு கரண்டி கேசரி வைத்தாள். வேறென்ன செய்வாள்? எனக்கு அவளைக் கட்டிக்கொள்ள வேண்டும் போல இருந்தது. ஆனால் அம்மாவை விடுதலை செய்த அதே வார்த்தைதான் என்னைக் கட்டிப்போட்டது. எப்படித் தூக்கினாலும் இப்படித்தான் என்றால், எனக்குள் இருப்பதும் இப்போதே தீர்மானமாகிவிட்டது என்று அர்த்தம்.

அப்பா எப்போது வருவார் என்று டாக்டர் கேட்டார். துண்டு போட்டால்தான் வருவார், அதுவும் பஸ் திரும்பினால்தான் என்றேன். "அப்போ பஸ்ஸுக்கே போயிடலாமே" என்று அவர் எழுந்தார்.

குளத்தங்கரை நிறுத்தத்தில் நின்றோம். மழை பெய்து ஓய்ந்த மாதம். குளத்தில் தண்ணீர் இருந்தது. கோபுரம் தலைகீழாக மெல்ல ஆடிக்கொண்டிருந்தது. ஞாயிறு மத்தியானத்தின் அந்தச் சோம்பல், பூக்கடையில் தண்ணீர் தெளித்த வாசனை, தூரத்தில் ஏதோ வீட்டில் யாரோ பாட்டு சொல்லிக்கொடுக்கும் குரல். டாக்டரைப் பார்க்காமல், தண்ணீரைப் பார்த்துக்கொண்டே கேட்டேன்.

"எனக்கு வரப்போற குழந்தைக்கு?"

அவர் உடனே என் பக்கம் திரும்பவில்லை. அதற்காக அவரை எனக்குப் பிடித்தது. "மத்தவங்களைவிட வாய்ப்பு கொஞ்சம் கூடுதல்தான். எவ்வளவுன்னு நான் சொன்னா அது பொய். பெரும்பாலும் ஒண்ணும் இருக்காது. ஆனா இருக்காதுன்னு சத்தியம் பண்ண முடியாது. பார்த்துச் சொல்ற மாதிரி எந்த டெஸ்ட்டும் இல்ல. நாங்க இப்ப எடுக்கற ரத்தத்துலயும் உங்களுக்குன்னு ஒரு பதில் வராது. பல குடும்பங்களைச் சேர்த்துப் பார்த்தாத்தான் என்னிக்காவது ஏதாவது தெரியும்" என்றார். கொஞ்சம் பொறுத்து, "பயமா இருக்கா?" என்று கேட்டார்.

பயமாகத்தான் இருந்தது. ஆனால் எதற்கென்று அந்த நிமிஷம்தான் எனக்கே தெளிந்தது. குழந்தை அண்ணா மாதிரி இருந்தால், இருக்கட்டும். அண்ணாவோடு நான் வளர்ந்திருக்கிறேன். உத்தரத்து வெளிச்சத்தை என்னால் எவ்வளவு நேரமும் பார்க்க முடியும். ஆனால் என் குழந்தைக்கும் ஒரு பஸ் சட்டை தைத்து வைப்பார்களே! யாராவது வாசலில் தலை காட்டினால் அதையும் வெளியே கூட்டிக்கொண்டு போய்விடுவார்களே! அதுதான் என் பயம்.

பஸ் வந்தது. பின்சக்கரத்துக்கு மேலே, ஜன்னலோரம், அண்ணா. காற்றில் முடி பறந்து நெற்றியில் விழுந்திருந்தது. கண்ணை ஒருக்களித்து, வாயில் சின்னதாக ஒரு சிரிப்பு. வீட்டில் இருந்தபோது அந்தச் சிரிப்பை நான் அவ்வளவாகப் பார்த்ததில்லை. பக்கத்தில் அப்பா என்னைப் பார்த்துவிட்டுத் திடுக்கிட்டார். கூட நிற்கும் டாக்டரைப் பார்த்ததும் முகம் வெளுத்துவிட்டது. அவர் எழுந்து இறங்குவதற்குள் டாக்டர் படி ஏறிவிட்டார். "உக்காருங்க சார். நானும் ஒரு நடை வர்றேன்." நானும் பின்னாலேயே ஏறினேன்.

கண்டக்டர் பின்னாலிருந்து வந்தார். "இன்னா நைனா, இன்னிக்கு வூட்ல யாரு வந்துகிறாங்க?" என்று அண்ணாவைப் பார்த்துக் கேட்டார்.

"யாரு வந்துகிறாங்க" என்றான் அண்ணா, சந்தோஷமாக.

"அதான் நைனா நானும் கேட்டுக்கினு கீறேன்!"

பஸ்ஸில் நாலைந்து பேர் சிரித்தார்கள். அண்ணாவுக்கு இந்தப் பாஷை எங்கிருந்து ஒட்டியது என்று அம்மா வருஷக் கணக்காக நொந்துகொண்டிருந்தாள். இப்போது தெரிந்தது. வீட்டில் நாங்கள் மூடி மூடி வைத்த பிள்ளையை மயிலாப்பூரிலிருந்து தி. நகர் வரைக்கும் எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

டாக்டர் அண்ணாவுக்குப் பின் இருக்கையில் உட்கார்ந்தார். ஒரு கேள்வியும் கேட்கவில்லை. அவன் பார்த்ததை அவரும் பார்த்துக்கொண்டு வந்தார். அப்பா எழுந்து வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். லஸ் தாண்டியது. ஆழ்வார்பேட்டை மரங்களின் நிழல் எங்கள் மடியில் விழுந்து விழுந்து நகர்ந்தது. பஸ்ஸில் அப்பா வேறு ஆளாக இருந்தார். வீட்டுக்கு யாராவது வந்தால் தொண்டையைச் செருமிக்கொண்டே இருப்பவர், இங்கே தோள் தளர்ந்து, காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். விருந்தாளியைக் கண்டு ஓடியது அண்ணா மட்டும் இல்லை என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது.

"நான் நாலு வயசு வரைக்கும் பேசலையாம்" என்றார் திடீரென்று. "அப்போ சைதாப்பேட்டைல இருந்தோம், தண்டவாளத்துக்குப் பக்கத்துல. ரயில் பார்த்துண்டே உக்காந்திருப்பேனாம். ஒருநாள் வாயைத் திறந்து சொன்ன முதல் வார்த்தை என்ன தெரியுமோ? அம்மா இல்லை. சைதாப்பேட்டை."

எனக்குச் சிரிப்பு வந்தது. அப்பாவும் சிரித்தார். பிறகு இரண்டு பேருக்கும் சிரிப்பு நின்றது.

"அம்மாவுக்குத் தெரியுமா?"

"தெரியாது. பெரியவா எல்லாரும் வெளில சொல்லப்படாதுன்னு மறைச்சுட்டா. நானும் சொல்லலை. தெரிஞ்சா உங்கம்மா ஜெயிச்சுடுவாளே." வெளியே பார்த்துக்கொண்டே சொன்னார். "என் வழிதான். டாக்டர்கிட்ட சொல்லிடு."

"இன்னிக்கு ஏம்ப்பா சொல்றே?"

"நீ வந்த உடனே அம்மா காபி தரேன்னா, நீ வேண்டாம்னே. அப்போதான் மாடிலேர்ந்து இறங்கி வாசல்ல செருப்பு மாட்டிண்டு இருந்தேன். காதுல விழுந்தது."

முதலில் புரியவில்லை. அவர் கிளம்பியபோது நான் வந்ததே அவருக்குத் தெரியாது என்று நினைத்திருந்தேன். காபிக்கு உயிரை விடும் பெண் காபி வேண்டாம் என்றால் என்ன அர்த்தம் என்று கணக்குப் போட்டிருக்கிறார். யாரையும் நேருக்கு நேர் பார்க்காத அந்த மனிதர் எதையும் தவறவிடவில்லை. என் கண்ணில் நீர் முட்டியது. எல்டாம்ஸ் சாலைத் திருப்பத்தில் பஸ் சாய்ந்தபோது அவர் தோளில் சாய்ந்துகொண்டு கேட்டேன்.

"அப்பா, என் குழந்தையும் இப்படி இருந்தா, ஆத்துக்கு யாராவது வந்தா, அதையும் பஸ்ல கூட்டிண்டு போயிடுவியா?"

அப்பா பதில் சொல்லவில்லை. தேனாம்பேட்டை போயிற்று, பாண்டி பஜார் போயிற்று, பஸ் நின்றது, ஓட்டுநர் டீ குடிக்க இறங்கினார். அப்பா தன் கை விரல்களைப் பார்த்துக்கொண்டே இருந்தார். திரும்பி வரும் வழியிலும் சொல்லவில்லை.

பிறகு ஒருநாள் அடையாறில் டாக்டரின் இடத்துக்குப் போய் நாலு பேரும் ரத்தம் கொடுத்தோம். அண்ணா என்ன ரகளை செய்வானோ என்று பயந்துகொண்டு போனோம். அவன் சுற்றும் ஏதோ ஒரு கருவியை வாய் பிளந்து பார்த்துக்கொண்டே கையை நீட்டிவிட்டான். மயங்கி விழுந்தவர் அப்பா. டாக்டர் சொன்னது போலவே எங்களுக்கென்று எந்தப் பதிலும் வரவில்லை. எங்கள் ரத்தம் வேறு எத்தனையோ குடும்பங்களின் ரத்தத்தோடு எங்கேயோ குளிரில் இருந்தது. அம்மாவும் அப்பாவும் யார் வழி என்று சண்டை போடுவதை நிறுத்திவிட்டார்கள். எனக்கு அது சற்று வெறிச்சென்று இருந்ததும் உண்மை.

எனக்குப் பெண் பிறந்தாள். முதல் வருஷம் முழுக்க நான் அவளைப் பார்த்த விதம் ஒரு தாய் பார்ப்பதா, போலீஸ்காரர் பார்ப்பதா என்று சொல்ல முடியாது. சிரிக்கிறாளா, என் முகத்தைத்தான் பார்த்துச் சிரிக்கிறாளா, பெயர் சொன்னால் திரும்புகிறாளா. சில நாள் திரும்பினாள். சில நாள் திரும்பவில்லை. அம்மா வீட்டுக்குப் போனால் அவளை மாடி அறையில் படுக்க வைப்பேன். அண்ணா சொம்பில் தண்ணீர் கொண்டு வந்து வெயிலில் வைப்பான். இரண்டு பேரும் மல்லாக்கப் படுத்து உத்தரத்தைப் பார்ப்பார்கள். நான் வாசலில் நின்று அந்த வெளிச்சத்தைப் பார்ப்பேன். அவளைக் கூப்பிட வாய் வரும், பயந்துகொண்டு கூப்பிடாமலே நின்றுவிடுவேன்.

ஆண்டு நிறைவு வந்தது. ஹோமப் புகை ஃப்ளாட்டுக்கு ஆகாது என்பதால் மயிலாப்பூர் வீட்டிலேயே வைத்துக்கொண்டோம். மாமியார் வழி உறவுக்காரர்கள் எல்லோரும் வந்தார்கள். கூடம் நிரம்பி ரேழி வரைக்கும் ஆட்கள். அப்பா பட்டுக்கரை வேஷ்டியில், தொண்டையைச் செருமிக்கொண்டே, அண்ணாவின் கையைப் பிடிக்காமல் அவன் பக்கத்தில் நின்று, "இவன் என் பிள்ளை. மூத்தவன்" என்று ஒவ்வொருவரிடமும் சொன்னார். ஒவ்வொரு தடவையும் செருமல் கூடியது. ஆனாலும் விடாமல் சொன்னார். அம்மா அடுப்படியில் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

எங்கள் எல்லோருக்கும் மனசு நிறைந்துவிட்டது. அண்ணாவுக்குத்தான் நிறையவில்லை. அவன் பட்டு வேஷ்டியின் மேல் நீலச் சட்டையைத் தானே எடுத்து மாட்டிக்கொண்டு வாசலில் போய் நின்றான். செருப்பு போட்டாகிவிட்டது. "யார் வந்தா? யார் வந்தா?" விருந்தாளி வந்தால் பஸ். இவ்வளவு பேர் வந்திருக்கிறார்கள், பஸ் எங்கே? நாங்கள் வெட்கத்தால் செய்த ஏற்பாடு அவனுக்குத் திருவிழா. இன்றைக்கு நாங்கள் திருந்திவிட்டோம் என்பதற்காக அவன் பஸ்ஸை ஏன் இழக்க வேண்டும்? அவன் குரல் உயர ஆரம்பித்தது. கூடத்தில் பேச்சு அடங்கியது.

அப்பா செருப்பைத் தேடினார். "நீ வந்தவாளைப் பார்த்துக்கோப்பா, நான் போறேன்" என்று குழந்தையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டேன்.

"எங்கேடி கிளம்பறே, நாளும் அதுவுமா?" என்றாள் மாமியார்.

"அண்ணாவுக்கு பஸ்ல போகணும்மா. போயிட்டு வந்துடறேன்." ஒளிக்காமல், எல்லோர் காதிலும் விழும்படி சொன்னேன்.

அவன் இருக்கை காலியாக இருந்தது. அண்ணா ஜன்னலோரம், நான் பக்கத்தில், என் மடியில் குழந்தை ஜன்னல் பக்கமாகச் சாய்ந்து. மொட்டை போட்டு காது குத்திய அவள் தலையில் சந்தனம் காய்ந்திருந்தது. ஆழ்வார்பேட்டை நிழல்கள் மூன்று பேர் மேலும் ஓடின. காற்றில் அவளும் கண்ணை ஒருக்களித்துக்கொண்டாள். அண்ணாவைக் கூப்பிட்டேன். பிறகு ஒரு வருஷமாகப் பயந்து பயந்து கூப்பிட்ட அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டேன். இரண்டு பேருமே திரும்பவில்லை. வெளியே ஏதோ அவ்வளவு நன்றாக இருந்தது. நானும் அங்கே பார்த்தேன்.

திரும்பி வந்து சந்து முனையில் நின்றோம். அண்ணாந்து பார்க்க வேண்டும், அது சட்டம். துண்டு இருக்காது என்று எனக்குத் தெரியும். வீட்டுக்குள் இருந்து அத்தனை பேருடைய சத்தமும் சந்து வரைக்கும் வந்துகொண்டிருந்தது. இன்னொரு நடைக்குத் தயாராக நான் குழந்தையை மற்ற இடுப்புக்கு மாற்றினேன்.

மாடி ஜன்னலில் துண்டு தொங்கியது.

வீடு நிறைய ஆட்கள் இருக்கும்போது துண்டு தொங்கியது அன்றுதான் முதல் தடவை. அம்மா அவசரத்தில் வீசிப் போடுவாள், எப்போதும் கோணலாகத்தான் தொங்கும். இது இரண்டு முனையும் நூல் பிடித்தது போலச் சமமாகத் தொங்கியது. அன்றைக்கு பஸ்ஸில் நான் கேட்ட கேள்விக்கு அப்பா பதில் சொல்லியிருந்தார். அண்ணா துண்டைப் பார்த்தான், சட்டையை ஒரு தடவை இழுத்து விட்டுக்கொண்டான், எங்களுக்கு முன்னால் வீட்டுக்கு நடந்தான்.